31 கிலோவிலிருந்து 23 கிலோவுக்கு

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, அப்பாவின் சிநேகிதர் வைத்திருக்கும் அரிசி மண்டிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். மூட்டை நிறுக்கிற மெஷினில் வைத்ததும் 31 கிலோ 400 கிராம் காட்டியது. என் டிக்கெட்டில் இருந்தது 23 கிலோவுக்கு ஒரு பெட்டி, 8 கிலோவுக்கு ஒரு கைப்பை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் அப்பாவைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் பெட்டியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

பாளையங்கோட்டையில் ஆறு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, ஜெர்மன் மொழியில் பி2 என்கிற நிலைத் தேர்வு தேறி, ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் ஒரு மருத்துவமனையில் சேரப் போனேன். ஜனவரி மாதம். எனக்கு முன்னால் போனவர்களிடம் கேட்டதில் பாதிப் பேர் "எல்லாம் கொண்டு வந்துரு" என்றார்கள், மீதிப் பேர் "எல்லாம் இங்கேயே கிடைக்கும்" என்றார்கள். இரண்டுமே எனக்கு உதவவில்லை. கடையில் கிடைக்கிற பொருள்கூட, போய் இறங்கிய மறுநாள் நம் கைக்குக் கிடைக்க வேண்டுமே. அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இரண்டே கேள்வி கேட்டேன். முதல் பத்து நாள் இது இல்லாமல் ஓட்ட முடியுமா? இதை என் அளவுக்கு, என் கைப்பக்குவத்துக்கு அங்கே யாராவது செய்து தருவார்களா?

முதலில் மாறியது பெட்டிதான். நான் வாங்கியிருந்த கெட்டிப் பெட்டி காலியாகவே 5 கிலோ 200 கிராம் இருந்தது. அத்தை வீட்டிலிருந்த துணிப் பெட்டி 3 கிலோ. மாற்றிய உடனே இரண்டு கிலோவுக்கு மேல் மிச்சம். காலிப் பெட்டியின் எடையை யாருமே சொல்வதில்லை, அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

அடுத்தது காகிதங்கள். நர்சிங் பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், கவுன்சில் பதிவு, எத்தனை மணி நேரம் என்ன படித்தேன் என்று கல்லூரி தந்த கடிதம், வேலை அனுபவச் சான்று, எல்லாவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அசல் அத்தனையும் கைப்பையில். சேர்த்து 2 கிலோ 100 கிராம். பெட்டி தொலைந்தால் சட்டை வாங்கிக்கொள்ளலாம், இவற்றை வாங்க முடியாது.

இவற்றோடு சேர்ந்த இன்னொரு காகிதத்துக்காக வீட்டையே புரட்டினோம். ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 1970க்குப் பிறகு பிறந்தவர்கள் மருத்துவமனையில் வேலை பார்ப்பதென்றால், தட்டம்மைக்குப் பாதுகாப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். நம் ஊரில் மணல்வாரி என்போமே, அதுதான். என் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையை அம்மா பீரோ லாக்கருக்குள், அடகுச் சீட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்த அட்டை, மடிப்பில் கிழிந்து, ஓரத்தைக் கரையான் தொட்டிருந்தது. நீல மையில் தேதியும், சுகாதார நர்ஸின் சின்னக் கையெழுத்தும் அப்படியே இருந்தன. நானும் தினமும் அதே மாதிரி அட்டைகளில் கையெழுத்துப் போடுகிறவள் என்பதால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்பதாம் மாத ஊசி ஒன்றுதான் பதிவாகியிருந்தது. அரசுத் திட்டத்தில் இரண்டாவது ஊசி சேர்ந்ததே 2010இல்தான். உடனே போய் இன்னொரு ஊசி போட்டு, டாக்டரிடம் கடிதம் வாங்கி அட்டையோடு வைத்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் காகிதம் அதுதான்.

அப்புறம் சமையல். இதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் தினமும் பேச்சு. "ஏட்டி, அந்த ஊர்ல என்னத்தத் திம்பே?" என்று கேட்டுக்கொண்டே மூன்று லிட்டர் அலுமினிய குக்கரை எடுத்து வைத்தாள். அங்கே இருக்கிற அடுப்பு இன்டக்ஷனாக இருந்தால் அலுமினியம் சூடாகாது, காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சூடாகும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டியது ஒரே ஒரு இரண்டு லிட்டர் எவர்சில்வர் குக்கரில்தான். அதையே எடுத்துக்கொண்டேன். கூடவே இரண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு. குக்கருக்குள் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, பெருங்காயம் என்று இடைவெளி இல்லாமல் அடைத்தோம்.

பருப்பு, புளி, ரவை எல்லாம் வெளியே போயின. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ துவரம்பருப்பும் மட்டும் வைத்துக்கொண்டேன். குழம்புப்பொடியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மல்லி, மிளகாய், சீரகம் என்று அம்மா அளந்து, வறுத்து, மில்லில் நின்று அரைத்து வந்த இரண்டு கிலோ அது. அந்தப் பக்குவத்தை எந்த நாட்டில் வாங்குவது?

பாலிலும் இறைச்சியிலும் செய்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய் பாட்டிலும் பால்கோவாவும் அதனால் நின்றன. அல்வாவும் நெய்யாயிற்றே என்று அதையும் வைத்துவிட்டு, கிளம்புகிற அன்று ரயிலடியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

இவ்வளவு பார்த்தும் ஒன்று தப்பியது. விமான நிலையத்தில் பெட்டியைப் போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்கள். சேலை மடிப்புக்குள் எனக்குத் தெரியாமல் அம்மா வைத்த இரண்டு முழுக் கொப்பரை. கொப்பரையில் எண்ணெய்ப் பிடிப்பு அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதை எந்த நினைப்பில் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். கிளம்புகிறவர்கள் கடைசியாக ஒரு தடவை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, பெட்டியைத் தாங்களே முழுக்க அடுக்குங்கள்.

துணி பெரிய விஷயமாக இல்லை. குன்னூரில் வேலை பார்த்த சித்தப்பாவின் ஜெர்கினைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொண்டே போனேன். நல்ல குளிர் கோட்டும் ஷூவும் அங்கே போய் வாங்குவதுதான் சரி. தைத்த சுடிதார் நான்கு, ஒரு பட்டுச்சேலை, அதற்கு என் அளவு ரவிக்கை. கண்ணாடி இரண்டு, பவர் எழுதிய சீட்டு. மூன்று மாதத்துக்கு என் தைராய்டு மாத்திரை, மருந்துச் சீட்டோடு.

நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்தேன். அங்கே நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது, சுகாதார விதி. சட்டையில் குத்துகிற கடிகாரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்றும் அதில்தான் நாடி எண்ணுகிறேன்.

சனிக்கிழமை காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, பெட்டியை நானே தூக்கி ரயிலில் ஏற்றினேன். 31 கிலோவாக இருந்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. விடுதிச் சாவி வாங்கிப் படுத்தவள் எழுந்தபோது இரவு 11 மணி. மறுநாள் ஞாயிறு, ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷன்களில் சில கடை திறந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒரு கிலோ அரிசியும் பருப்புப்பொடியும்தான் அன்றைக்குச் சோறு. குக்கர் விசில் சத்தம் கேட்டு, பக்கத்து அறையிலிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் கதவைத் தட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஓர் ஈழத்தமிழர் கடையைக் கண்டுபிடித்தேன். புளி, பெருங்காயம், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் இருந்தன. "புதுசா வந்தனீங்களோ பிள்ளை?" என்று கேட்ட அக்கா, பக்கத்து ஊரான ஹாமில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வழி சொன்னார். பட்டுச்சேலை கொண்டுவந்தது தேருக்கு உதவியது.

தப்பாக எடுத்துப்போனவையும் உண்டு. அங்கே தலையணை 80க்கு 80 சென்டிமீட்டர், சதுரம். என் ஆறு தலையணை உறையும் எதற்கும் சேரவில்லை. அந்த உறைகளும் போர்வையும் சேர்ந்து நான்கு கிலோ, கிட்டத்தட்ட ஒரு சின்ன மிக்ஸியின் எடை. மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும், மிக்ஸி நன்றாக ஓடியிருக்கும். நான் அங்கே வாங்கிய பிளெண்டர் தேங்காயைத் துண்டு துண்டாக விட்டது, உளுந்தை அரைக்கவே இல்லை. ஒரு வருடம் சட்னி இல்லாமல் இருந்தேன்.

முதல் லீவுக்கு ஊர் வந்து திரும்பும்போது பெட்டியில் முதலில் மிக்ஸியை வைத்தேன். அம்மா சின்ன ஜாரின் மூடியைத் திறந்து, உள்ளே குழம்புப்பொடிப் பொட்டலத்தை அழுத்தி வைத்தாள். அப்பா பெட்டியை மண்டிக்குக் கொண்டுபோய் நிறுத்துவிட்டு வந்து, "இருபத்திரெண்டு எண்ணூறு" என்றார்.