சோழகத்துக்கு முதுகைக் காட்டி

ரெட்டப்பனையில் சைக்கிளை விடு.
சோழகத்துக்கு முதுகைக் காட்டி அறுபது எட்டு வை.
உப்புத் தின்னாத வாய் ஒன்று மண்ணில் திறந்திருக்கும்.
பக்கத்தில் நிற்பவள் பூவும் வைப்பாள், ஆளையும் கிழிப்பாள். அவள் காலடியில் தேடு.

இந்த நாலு வரியை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, "தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவுல கடலோரமா ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருக்கேன். கண்டுபிடி. ஆனா எடுத்துட்டு வந்துடாதே" என்று சொன்னான் நண்பன். அதோடு சரி, மறுநாள் முழுக்க போனையே எடுக்கவில்லை.

அவன் மூன்று வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்தவன். அங்கே டார்ட்மூர் என்று ஒரு பெரிய தரிசு மேட்டுநிலம் இருக்கிறது. 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அதன் வடபகுதியில் கிரான்மியர் பூல் என்ற சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்தாராம். அவ்வளவு தூரம் நடந்து போகிறவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டு வருவார்கள். பின்னால் முகவரி எழுதிய கடிதங்களைப் போட ஆரம்பித்தார்கள். அடுத்து வருகிறவர் எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். இந்த விளையாட்டுக்கு லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. இப்போது கடிதம் இல்லை. டப்பாவுக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நோட்டும் இருக்கும். அந்த ஸ்டாம்பை நம் நோட்டில் குத்திக்கொண்டு, நம் ஸ்டாம்பை அந்த நோட்டில் குத்திவிட்டு வர வேண்டும். ஜிபிஎஸ் புள்ளியெல்லாம் கிடையாது, விடுகதைதான்.

நம் ஸ்டாம்பை நாமே செதுக்க வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றை வாங்கி, பிளேடால் 'ம' என்று செதுக்கினேன். மாயவரத்துக்காரன், வேறு என்ன செதுக்குவேன்? ராத்திரி பத்து மணிக்கு மையில் தொட்டு அழுத்திப் பார்த்தால் 'ம' இடம் வலமாகத் திரும்பி நிற்கிறது. கடை சாத்தியாகிவிட்டது. அதையே பையில் போட்டுக்கொண்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக மிதித்தேன். திருக்கடையூரில் அந்நேரத்துக்கே அறுபதாம் கல்யாணத் தம்பதிகள் மாலையும் கழுத்துமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். தரங்கம்பாடி போய்ச் சேர ஏழரை.

டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் கட்ட ஆரம்பித்த கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. எனக்கு அன்று உறுத்தியது அச்சுக்கூடம். இங்கே வந்து தங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713-ல் இங்கே வந்து இறங்கின. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்து வார்த்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கியிருக்கிறார். எனக்கு ஒற்றை 'ம' வரவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து பூம்புகார் நேர்கோட்டில் 12, 13 கிலோமீட்டர்தான். ஆனால் கரையோரமாகவே சைக்கிளில் போய்விடலாம் என்று யாரும் நம்பி இறங்க வேண்டாம். மீனவர் குப்பம் ஒவ்வொன்றுக்கும் மெயின்ரோட்டிலிருந்து ஒரு கிளைச்சாலை கடலைப் பார்க்கப் போய் முட்டி நிற்கும். உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும், சீப்பின் பல்லைத் தடவுகிற மாதிரி. நடுநடுவே மணலில் உருட்ட வேண்டும். அடப்பங்கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். டார்ட்மூரில் பாறையும் குன்றும் இருக்கிறது, அடையாளம் சொல்லலாம். நம் டெல்டாவில் கண்ணுக்கு எட்டியவரை தட்டை. பனை என்றால் ஆயிரம் பனை. இரண்டு பனை சேர்ந்து நிற்கிற இடம் மட்டும் எண்ணியதில் பதினொன்று வந்ததும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சோழகம்! சோழன் அகம். சோழர் துறைமுகம் எது? புகார். ஆக, பூம்புகாருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இப்படி ஒரு புலமையோடு வெயிலில் பூம்புகார் வரைக்கும் மிதித்தேன். ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடிவிடுவது வழக்கம், நான் போனது பங்குனி. காவிரி கடலில் கலக்கும் இடத்தில் கலக்க ஒன்றும் இல்லை. வாய்க்கால் அகலத்துக்கு நின்ற தண்ணீர், அதன் முன்னால் மணல்.

கரையில் படகு நிழலில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை இழுத்து மாட்டி, ஊசியை விட்டு எடுக்கும் வேகத்தில் முடிச்சு விழுவதே தெரியவில்லை. போனை நீட்டி வரிகளைப் படித்துக் காட்டினேன். என் சோழன் விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஊசி நின்றது.

"சோழகம்னா தெங்காத்து தம்பி. இப்ப உன் முதுவுல அடிக்குது பாரு, அதான். வாடைன்னா வடக்க, கொண்டல்னா கெழக்க, கச்சான்னா மேக்க. ராசா கீசா யாரும் இதுல இல்ல."

"ரெட்டப்பனை எங்கண்ணே இருக்கு?"

"அதத் தாண்டித்தான வந்திருப்ப."

ஊர்ப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதினால் நண்பன் என்னைக் கொன்றுவிடுவான்.

திரும்பும் வழியில் சீமைக்கருவை முள் பின்டயரில் ஏறியது. பஞ்சர் கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அதுவும் பூட்டி. கடைக்காரர் கருவாட்டு வண்டியோடு போயிருக்கிறாராம். டீக்கடை அக்கா பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லி, "ரெட்டப்பனையா? அந்தா" என்று கையை நீட்டினார். அங்கே ஒரே ஒரு பனை நின்றது.

"ஒன்னு புயல்ல விழுந்துடுச்சு. அதுக்காவப் பேர மாத்துவாங்களா?"

படுபாவி நண்பன். விசாரிக்காமல் இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, அது தெரிந்தே எழுதியிருக்கிறான்.

பனையடியில் சைக்கிளைச் சாய்த்து, வடக்கே பார்த்து அறுபது எட்டு வைத்தேன். சவுக்குத்தோப்பின் ஓரம், மணல்மேட்டுக்குப் பின்னால் உறை இறக்கிய சின்னக் கிணறு. கடல் காதில் விழுகிற தூரம்தான், ஆனால் அள்ளிக் குடித்தால் இனிப்பு. மணல்மேடு குடித்து வைத்த மழைத்தண்ணீர், கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர், மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அதனால்தான் அங்கே வாளியும் கயிறும் மட்டும் கிடந்தது.

கிணற்றை ஒட்டித் தாழம்புதர். பூவும் வைப்பாள், ஆளையும் கிழிப்பாள். கிழித்தாள்தான். முழங்கை வரை கோடுகளோடு, ஊன்றி நிற்கும் வேர்களுக்கு நடுவில் துழாவியதில் ஒரு செங்கல், அதன் அடியில் இரண்டு பாலிதீன் பை சுற்றிய டிபன் டப்பா.

உள்ளே நோட்டு, காய்ந்துபோன மைப்பெட்டி, நண்டு ஸ்டாம்பு. பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மையைத் தேய்த்தேன். என் நோட்டில் நண்டு விழுந்தது, ஏழு காலோடு. அவனுக்கும் பிளேடு வழுக்கியிருக்கிறது.

நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் தேதி, அவன் கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் எனக்கு முன்னாலேயே ஆள் வந்திருந்தது. ஸ்டாம்பு இல்லை. பெருவிரல் ரேகை, ரேஷன் கடையில் வைப்பது போல நன்றாக உருட்டி வைத்த கைநாட்டு. அதன் கீழே பென்சிலில், கோடு போட்டுக்கொண்டு எழுதிய பிள்ளைக் கையெழுத்து:

'இது எங்க அப்பாயி கை. அப்பாயிதான் பாத்தது. நாங்க எதையும் எடுக்கல. ஆடு இழுத்துப் போட்டுச்சு, அதனால செங்கல் வச்சிருக்கோம்.'

அதற்குப் பக்கத்தில் என் திரும்பிய 'ம'வைக் குத்தினேன். பையைச் சுற்றி உள்ளே தள்ளும்போது பின்னால் வாளி உருளும் சத்தம். இடுப்பில் குடத்தோடு ஒரு ஆயா எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியவில்லை. வலது பெருவிரலைப் பார்க்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

"செங்கல்ல மேல வச்சியா தம்பி?"

"வச்சிட்டேன் ஆயா."

"ஒழுங்கா அமுக்கி வையி. சாயங்காலம் ஆடு வரும்."