திறக்க முடியாத போனும் ஒரு பட்டமளிப்பு உரையும்

கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவனிடம் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, புதுசா வந்ததில எது நல்லம்?" கமரா எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் பெடியளுக்கு ஏற்கனவே பாடம். நான் பார்ப்பது, அது பழுதாகிற நாளில் என்ன நடக்கும் என்பதை. பின்மூடி கழருமா? பற்றரி தனியாகக் கிடைக்குமா? உடைந்த டிஸ்பிளேக்கு மாற்று கொழும்பிலிருந்து எப்போது வந்து சேரும்?

எங்கள் பக்கம் போன் படுகிற பாடு அப்படி. சூடடிக்கிற காலத்தில் கடைக்கு வருகிற போன்களின் சார்ஜ் துளைக்குள் செம்புழுதியும் நெல்லுச் சுணையும் இறுகிப்போய்க் கிடக்கும். போனை நிறுத்திவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தால் பல போன்களுக்குச் சார்ஜ் தானாக ஏறும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

2003இல் வந்த நோக்கியா 1100 இன்னும் சில வயல்காரரின் சட்டைப்பையில் இருக்கிறது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. நகத்தால் நெம்பினால் மூடி கழரும், பற்றரியை யாரும் மாற்றலாம். யானைக்குக் காவல் இருக்கிற இரவில் அதன் ரோச் வெளிச்சமும் உதவும். தொண்ணூறுகளில் பற்றரியே வன்னிக்குள் வர விடாத தடைப்பொருளாக இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒரு பொருளைத் திறந்து பார்க்கிற பழக்கம் எங்களுக்கு அப்போது வந்தது.

இப்போது வருகிற போன்களைத் திறப்பது ஒரு சத்திரசிகிச்சை மாதிரி. சூட்டுத் தட்டில் வைத்துப் பசையை இளக்கி, கண்ணாடி முதுகை உறிஞ்சியால் இழுத்து, மெல்லிய தகட்டை ஓரமாக ஓட்ட வேண்டும். உள்ளே ஊதிப்போன பற்றரி ஒட்டிக்கொண்டிருக்கும். தகடு அதில் குத்திவிட்டால் தீப்பிடிக்கும்.

என்னிடம் வேலை பழகுகிற தங்கச்சி உயர்தரப் பரீட்சை இரண்டு முறை எடுத்தவ. கம்பஸ் போக வேண்டிய தரப்படுத்தல் புள்ளி, அதுதான் இசட் புள்ளி, போதவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் என்பதால் வீட்டில் ஒவ்வொரு நாளும் அதே கதை. ஒரு பின்னேரம் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம், அப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் 2005 ஜூன் 12ஆம் திகதி ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் பேசிய உரையைப் போட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். தானே தொடங்கிய நிறுவனத்திலிருந்து 30 வயதில் ஊரறிய வெளியேற்றப்பட்டதைச் சொல்கிறார். அந்த ஊரைவிட்டே ஓடிப்போக நினைத்ததைச் சொல்கிறார். வெற்றியின் பாரம் இறங்கி, மறுபடி தொடங்குகிறவனின் இலேசு வந்தது என்று சொல்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தங்கச்சி கேட்டா: "அவரிட்ட அப்ப காசு இருந்ததுதானே அண்ணை?"

இருந்தது. பங்குகளை விற்ற பணம். 1986இல் பிக்சார் என்ற கணினி வரைகலை நிறுவனத்தை வாங்கவும் அதற்கு முதல் போடவும் ஒரு கோடி டொலர் இறக்கியவர். உரையில் அந்தக் கணக்கு வராது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் விழுந்தவனுக்கு இலேசு வர, காலுக்குக் கீழே தரை வேண்டும். நகை அடகில், முச்சக்கரவண்டி லீசிங்கில் இருக்கிற வீட்டுப் பிள்ளை தோற்றால், அடுத்த மாதத் தவணை அதற்காகக் காத்திருக்காது. தோல்வியைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. விழுந்து எழும்பியதை அவ்வளவு அழகாகச் சொன்ன அதே மனிதர் 2007இல் காட்டிய ஐபோனில், சொந்தக்காரர் கழற்ற முடியாதபடி பற்றரி உள்ளே மூடப்பட்டிருந்தது. பிறகு சாதாரணத் திருப்புளி பிடிக்காத ஐந்து இதழ்த் திருகாணியும் வந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. சொந்தக்காரரே திருத்த உதிரிப்பாகம் விற்கும் திட்டத்தை அப்பிள் அமெரிக்காவில் தொடங்கியது 2022இல்தான். 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பற்றரியைச் சொந்தக்காரரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று, சில விதிவிலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. எனக்கு அது எந்தப் புதுக் கமராவைவிடவும் பெரிய செய்தி.

தங்கச்சியின் அம்மா கடைக்கு வந்து, மூன்றாம் தடவையும் எடுக்கிறதா, அறிவியல்நகர் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் சேர்க்கிறதா என்று கேட்டா. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பதும் அதே அறிவியல்நகரில்தான் என்றேன். இரண்டு விண்ணப்பத்தையும் நிரப்பட்டும் அக்கா, நேர்முகத்துக்குப் போகிற பஸ் காசு கடைக் கணக்கில் இருக்கட்டும், அன்றைக்கு லீவும் தாறன் என்று சொல்லியிருக்கிறேன்.