பித்தப்பையை எடுப்பதா வேண்டாமா: முடிவெடுக்க எனக்கு ஆன பதினொரு மாதங்கள்

முதல் வலி ஒரு நள்ளிரவில் வந்தது. வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே தொடங்கி, அரை மணி நேரத்திற்குள் உச்சத்தை எட்டி, பின்னர் கூடாமலும் குறையாமலும் மூன்று மணி நேரம் அப்படியே நின்றது. வலத் தோள்பட்டை எலும்பின் அடியிலும் யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்துவதைப் போலிருந்தது. எழுந்து நடந்தும், குப்புறப் படுத்தும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் பயனில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்தார்கள்; இரத்தப் பரிசோதனையில் கல்லீரல், கணையம் இரண்டும் சரியாக இருந்தன. விடிவதற்குள் வலி தானாக அடங்கிவிட்டதால், வாயுத் தொல்லை என்று சொல்லி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளோடு அனுப்பி வைத்தார்கள்.

அடுத்த நான்கு மாதங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அல்ட்ராசவுண்டில் கல் இல்லை, பித்தப்பைச் சுவரில் தடிப்பும் இல்லை. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் லேசான சிவப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எட்டு வாரங்கள் ஒழுங்காக எடுத்தும், வலி தனக்குத் தோன்றிய நாட்களில் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு அறிக்கையும் சரியாக இருப்பதாக வரும்போது மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கோ, வலிக்குப் பெயர் கிடைக்காத எரிச்சலே மிஞ்சியது. அந்த எரிச்சல்தான் பின்னால் என்னை அவசரப்படுத்தியது என்பதை இப்போது உணர்கிறேன்.

குடல் நோய் மருத்துவர்தான் பித்தப்பையின் வடிவத்தைப் பார்த்தது போதும், அதன் வேலையைப் பார்க்கலாம் என்று ஹைடா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பித்தப்பை வாங்கி வைத்து, நீரை உறிஞ்சிச் செறிவாக்கி, கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடையும்போது சுருங்கி வெளியேற்றுகிறது. அந்தச் சுருக்கத்தைத் தூண்டுவது குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன். ஸ்கேனில், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். கல்லீரல் அதை இரத்தத்திலிருந்து பிரித்துப் பித்தநீரோடு சேர்த்து அனுப்ப, பித்தப்பை நிரம்புவது திரையில் தெரிகிறது. பிறகு அதே ஹார்மோனின் செயற்கை வடிவத்தை ஏற்றி, நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

எனக்கு வந்த விடை 19 சதவீதம். 38-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தாளை முதல் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டியபோது, அவர் வலியைப் பற்றி இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுவிட்டு, "வேலை செய்யாத உறுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார். பத்து நிமிடத்தில் அடுத்த வாரத்திற்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். பெயரில்லாத வலிக்கு ஓர் எண் கிடைத்துவிட்ட நிம்மதியில், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

கேட்டவர் என் அக்கா. செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். செய்தியைச் சொன்னதும் மகிழாமல், "ஸ்கேன் எடுத்த வாரம் வேறென்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்?" என்றார். முதுகுப் பிடிப்புக்காக டிரமடால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனுக்கு முந்தைய இரவிலும் ஒன்று போட்டிருந்தேன். அது ஓபியாய்டு வகை வலி நிவாரணி. அவ்வகை மருந்துகள் பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்திலுள்ள தசை வளையத்தை இறுக்கிவிடும்; பித்தப்பை நன்றாகச் சுருங்கினாலும் பித்தநீர் வெளியேற வழியிருக்காது, எண் குறைவாகவே வரும். அறிக்கையை மறுபடி வாசித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஹார்மோனைச் சில நிமிடங்களிலேயே செலுத்தி முடித்திருந்தார்கள். வேகமாகச் செலுத்தினால் நல்ல பித்தப்பைகூட ஒழுங்காகச் சுருங்காமல் வயிற்றுப் பிடிப்பை மட்டும் தரலாம் என்பதால், 60 நிமிடங்கள் சீராக ஏற்றும் முறையே பரிந்துரைக்கப்படுகிறது. 38 சதவீதம் என்ற எல்லையும் அந்த 60 நிமிட முறைக்கு உரியது. ஆக, ஒரு முறையில் அளந்துவிட்டு இன்னொரு முறையின் அளவுகோலை எதிரில் அச்சிட்டிருந்தார்கள்.

குறித்த நாளை ரத்து செய்தேன். எல்லோரிடமும் நாளைச் சொல்லிவிட்ட பிறகு பின்வாங்குவது, அறுவைக்குப் போவதைவிடக் கடினமாக இருந்தது. டிரமடாலை நிறுத்தி ஆறு வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தேன். ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க, மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. இம்முறை 31 சதவீதம். இயல்பான எண் வந்திருந்தால் பித்தப்பையை விட்டுவிட்டு வேறு காரணம் தேடியிருப்பேன். பத்துக்குக் கீழே வந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டேன். 31 என்பது இரண்டு பக்கமும் சாயாத எண்ணாக இருந்தது.

இரண்டாவது அறுவை சிகிச்சை மருத்துவர் இரண்டு அறிக்கைகளையும் பார்த்துவிட்டு மேசையின் ஓரத்தில் வைத்தார். "எண்ணைப் பிறகு பார்ப்போம், வலியைச் சொல்லுங்கள்" என்று தொடங்கி நாற்பது நிமிடங்கள் கேட்டார். கல் இல்லாத பித்தப்பையை எடுப்பதில், அதன் செயல்திறனைவிட வலியின் குணமே முக்கியம் என்பது அவருடைய வாதம். ஏனெனில் எந்த வலியும் இல்லாதவர்களிலும் சிலருக்கு இந்த எண் குறைவாக இருப்பதுண்டு. குடல் நோய் வல்லுநர்கள் வகுத்து 2016-இல் வெளியான ரோம் வரையறைகளின் நான்காம் பதிப்பு எதைப் பித்தப்பை வலி என்று ஏற்கிறது என்பதை அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ தோன்றி, படிப்படியாக ஏறி ஒரே நிலையில் நின்று, அரை மணி நேரமாவது நீடிக்க வேண்டும். அன்றாடம் வராமல் வெவ்வேறு இடைவெளிகளில் வர வேண்டும். செய்யும் வேலையை நிறுத்தும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். மலம் கழிப்பதாலோ, படுக்கும் நிலையை மாற்றுவதாலோ, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையாலோ பெரிதாகக் குறையக் கூடாது. "மூன்று மாதங்கள் இதை வைத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். கல்லோ காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இல்லாதபோது உங்கள் பித்தப்பை வெடித்துவிடப் போவதில்லை, காத்திருப்பதால் நாம் எதையும் இழக்கவில்லை" என்றார். என் பதினொரு மாதங்களில் கேட்ட மிகப் பயனுள்ள வாக்கியம் அதுதான். அதுவரை, தள்ளிப்போட்டால் ஆபத்து என்ற பயமே என்னைத் துரத்திக்கொண்டிருந்தது.

குறிப்பேடு எழுதத் தொடங்கியபோதுதான், நான் ஒரே தொல்லை என்று நினைத்திருந்தது உண்மையில் இரண்டு என்று தெரிந்தது. ஒன்று, வலப்பக்கம் வந்து நிற்கும் அந்தக் கடும் வலி. மூன்று மாதங்களில் ஒன்பது முறை வந்தது. ஏழு முறை அந்தத் தாளில் எழுதியிருந்தபடியே நடந்துகொண்டது, பெரும்பாலும் கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் சில மணி நேரம் கழித்து. மற்றொன்று, ஏறக்குறைய அன்றாடம் இருந்த வயிற்று உப்பசமும் ஏப்பமும். இரண்டாவதுதான் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் என் புலம்பலிலும் அதுவே அதிகமாக இருந்தது. மருத்துவர் குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு போட்டு, "இந்தப் பக்கம் இருப்பது அறுவைக்குப் பின் போக வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கம் இருப்பது போகும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார். முதல் மருத்துவரிடமே அறுவை செய்துகொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து போகும் என்ற நம்பிக்கையோடுதான் அறுவை மேசையில் படுத்திருப்பேன்.

பித்தப்பை அறுவை குறித்துப் பித்தக்கல் உள்ளவர்களிடம் நெதர்லாந்தில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் அவர் சொன்னார். கல் கண்ணுக்குத் தெரிந்த நோயாளிகளிலேயே, ஆய்வில் சேர்ந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு வயிற்றில் ஏதோவொரு வலி இருந்திருக்கிறது. கல்லே இல்லாத என் நிலையில் உறுதி கேட்பது நியாயமில்லை என்று எனக்கே புரிந்தது. மற்ற அபாயங்களையும் மறைக்கவில்லை: பொதுப் பித்தநாளம் காயப்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேரலாம், நேர்ந்தால் அது சிறிய விஷயமன்று, சிலருக்கு, தேக்கி வைக்க இடமில்லாமல் குடலுக்குள் ஓயாது வடியும் பித்த அமிலங்களால் வயிற்றுப்போக்கு வரும்.

இந்த நாட்களில் கண்டதையெல்லாம் வாசித்தேன். கார்ல் லாங்கன்புக் 1882 ஜூலை 15 அன்று பெர்லினில் முதன்முறையாக ஒரு மனிதரின் பித்தப்பையை அகற்றினார் என்றும், 1985-இல் எரிஷ் மியூஹே அதையே சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் செய்தார் என்றும் அறிந்தேன். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது என்பது சில நாட்கள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவை நாள் முழுவதும் மேய்பவை, நானோ வேளைக்கு உண்பவன் என்று அக்கா நினைவூட்டியதும் அந்த ஆறுதலும் போயிற்று.

முடிவை எடுக்க வைத்தது வாசிப்பன்று. பத்தாவது மாதத்தில் மூன்று முறை வலி வந்தது; அவற்றுள் ஒன்று ஐந்து மணி நேரம் நீடித்தது. அதற்கு முன்பே நான் சாப்பிடப் பயப்படத் தொடங்கியிருந்தேன். கொழுப்பைக் குறைப்பது என்று ஆரம்பித்தது, மெல்ல மெல்ல இரவு உணவையே தவிர்ப்பதாகி, ஆறு கிலோ எடை குறைந்திருந்தது. குறிப்பேட்டைப் புரட்டியபோது, வலியில்லாத நாட்களுக்கு எதிரேயும் "சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த நாட்களை நல்ல நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தது தவறு என்று தெரிந்தது. வலப்பக்க வலி ஒன்று மட்டும் போனாலும் போதுமா, உப்பசம் அப்படியே இருந்தாலும் ஏற்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போதும் என்றே தோன்றியது. மருத்துவரிடமும் அந்த வார்த்தையிலேயே சொன்னேன்.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு சிறு துளைகள், மறுநாள் வீடு. வெட்டிய இடங்களைவிடத் தோள்தான் இரண்டு நாட்கள் வலித்தது; வயிற்றை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி நேரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இரண்டு வாரங்களில் வழக்கமான வேலைக்குத் திரும்பினேன்.

திசுப் பரிசோதனையில் "லேசான நாள்பட்ட அழற்சி" என்று வந்தது. என் முடிவு சரி என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட ஆசைப்பட்டேன். எடுத்த பித்தப்பைகள் பலவற்றிலும் இப்படித்தான் இருக்கும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று மருத்துவர் அந்த ஆசையையும் அடக்கிவிட்டார். முதல் மூன்று மாதங்கள் காலையில் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. பித்த அமிலங்களைப் பிடித்துவைக்கும் கோலிஸ்டிரமின் பொடியைக் கொடுத்தார்கள். அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்னதாகவோ பல மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டியிருந்தது. இப்போது பொடி தேவைப்படுவதில்லை.

ஓராண்டு முடிந்திருக்கிறது. குறிப்பேட்டில் கோட்டின் இந்தப் பக்கத்தில் ஒரு வலிப் பதிவுகூட இல்லை. இரவு உணவு சாப்பிடுகிறேன், போன எடையில் நான்கு கிலோ திரும்பி வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஏப்பமும் உப்பசமும் அறுவைக்கு முன்பிருந்த அளவிலேயே இருக்கின்றன, அவற்றுக்காக அடுத்த மாதம் குடல் நோய் மருத்துவரிடம் போகிறேன்.