பென்சிலில் ‘வலது’

ஜூன் 17, 2025, செவ்வாய்
மனநலச் சிகிச்சைக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் அந்த மீனவப் பையன் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடல் திறந்துவிட்டது. மே 20 அன்று அவனுக்கு இடது பக்கம் ஊசி போட்டேன். பதிவேட்டில் இன்றைய கட்டத்தில் ‘வலது’ என்று பென்சிலால் முன்பே எழுதியிருந்தேன். அப்படியே கிடக்கிறது.

ஜூன் 18
அவன் கைப்பேசி அணைத்தே இருக்கிறது.

ஜூன் 24
அவன் ஆத்தா மட்டும் வந்தார். சர்க்கரை பார்ப்பவர்களின் வரிசையில் நின்றிருந்து, கூட்டம் கலைந்த பிறகே என் மேசைக்கு வந்தார். ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாதாம். சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்திருந்தார். அவன் நாகப்பட்டினத்து விசைப்படகில் தங்குகடலுக்குப் போய்விட்டான், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க.

“ஊசியை என்னிடம் கொடுங்கள் சிஸ்டர், வந்ததும் யாரையாவது வைத்துப் போட்டுவிடுகிறேன்.”

எப்படிக் கொடுப்பேன்? அவனுக்குப் போடும் ஃபுளூஃபெனசின், மனநோய்க்கான நல்லெண்ணெயில் கரைத்த மருந்து. தடித்த ஊசியில் மெதுவாக இழுத்து, தசையின் ஆழத்தில் இறக்க வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தேய்க்காவிட்டால் பிள்ளைக்கு வலிக்காதா?” என்றார்.

சீட்டின் பின்புறம் மனநல உதவி எண் 14416 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். நடுக்கடலில் சிக்னல் ஏது?

ஜூன் 27
உப்பளத்து அக்காவுக்குக் கை நடுக்கம். தம்ளரைப் பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. இரண்டு நாளாக வாந்தி. வெயிலில் வேர்த்துக்கொட்டி உடம்பில் நீர் வற்றினால், மனநோய்க்கு அவர் சாப்பிடும் லித்தியம் இரத்தத்தில் ஏறிவிடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மாவட்ட மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கூடவே போனேன். இரத்தத்தில் லித்தியம் 1.9, ஆபத்தான அளவு. மாலையில் சலைன் ஏறும்போது கூலி போய்விட்டதே என்று அழுதார்.

ஜூலை 1
அவனுக்கு ஊசி போட்டு நாற்பத்திரண்டாம் நாள். மருந்து ஒரே நாளில் இறங்கிவிடாது, மெல்லக் கசிந்து தீரும். அதுதான் என் பயம். நன்றாகத்தான் இருக்கிறோம் என்று அவனும் நினைப்பான், படகில் இருப்பவர்களும் நினைப்பார்கள். பிறகு தூக்கம் போகும். போன முறையும் முதலில் போனது தூக்கம்தான். இஞ்சின் சத்தத்துக்குள் அந்தக் குரல் மறுபடி கேட்டால் யாரிடம் சொல்வான்? சுற்றிலும் தண்ணீர். யோசிக்க யோசிக்க வயிற்றைப் பிசைகிறது.

ஜூலை 2
அக்காவுக்கு 0.8. சோறு கேட்டாராம்.

ஜூலை 3
ஏர்வாடி வழியாகப் பஸ்ஸில் வந்தேன். 2001 ஆகஸ்ட் 6. அங்கே மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் எரிந்து போனார்கள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. சங்கிலி போடக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும், “இந்த முறை வந்தால் கட்டிப் போடு” என்று ஆத்தாவிடம் பக்கத்து வீட்டார் சொல்கிறார்களாம். தர்காவுக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். போங்கள் ஆத்தா, ஊசி போட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

ஜூலை 6, இரவு
படகு கரை சேர்ந்துவிட்டதாம். ஆத்தாதான் பேசினார். “தூங்குகிறானா?” என்று கேட்டேன். சற்று நேரம் பதிலே இல்லை. பின்னால் அவன் குரல் கேட்டது, வேகமாக, நிறுத்தாமல். செவ்வாய் வரை காத்திருக்க முடியாது. டாக்டரிடம் பேசிவிட்டேன், காலை முதல் பஸ்ஸில் போகிறேன். பெட்டியில் ஆம்பூல் இரண்டு, பஞ்சு,