வால் சக்கர போல்ட்: ஒரு கோடை முழுக்கத் தாங்கியது

வருடப் பரிசோதனைக்காக விமானத்தின் வால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் எஃகுப் பட்டையின் முன் போல்ட்டைக் கழற்றினோம். ஒரு கீறல் இல்லை. விரிசலைக் காட்டும் சாயம் தடவிப் பார்த்தேன். மனம் கேட்காமல் காந்தத் துகள் சோதனைக்கும் கொடுத்து வாங்கினேன். சுத்தம். கோடை முழுக்க அலாஸ்காவின் நிக் ஆற்றுக் கூழாங்கல் திட்டுகளில் இறங்கி ஏறிய விமானம் இது. இதற்கு முன் அந்த இடத்தில் இருந்த போல்ட்டுகள் ஒன்று வளைந்து வந்தன, இல்லாவிட்டால் முதல் மரையில் விரிசலோடு வந்தன. அதனால் பெருமையாகவே எழுதுகிறேன்.

விமானம் சூப்பர் கப் என்ற சிறு விமானத்தின் அச்சில் வீட்டில் கட்டியது, எக்ஸ்பெரிமென்டல் பதிவு, 31 இன்ச் டயர். சான்றிதழ் பெற்ற தொழிற்சாலை விமானம் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கின் கையெழுத்து இல்லாமல் இதையெல்லாம் செய்ய முடியாது. உரிமையாளரே செய்யலாம் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ தரும் பட்டியலில் காட்டர் பின் (நட் கழலாமல் போல்ட்டின் துளையில் செருகும் கம்பி) மாற்றுவது உண்டு, இந்த போல்ட்டை மாற்றுவது கிடையாது.

போல்ட் உடைகிறது என்று சொன்னால் ‘இன்னும் வலுவான போல்ட் போடு’ என்பதுதான் எல்லோரும் தரும் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்கைப் பாருங்கள். பட்டையின் முன் நுனியை இந்த போல்ட் பிடிக்கிறது, பின்னால் வால் தூணுக்கு அடியில் கவ்வி பிடிக்கிறது. எங்கள் விமானத்தில் கவ்வியிலிருந்து போல்ட் 5 இன்ச், சக்கரம் 14 இன்ச். சக்கரம் கல்லில் மோதி மேலே உதைத்தால் கவ்வி நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடும், போல்ட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுவை போகும். 300 பவுண்டு அடி அங்கே 840 பவுண்டு. ஆனால் ஏஎன் என்ற விமானத் தரத்தில் வரும் 3/8 இன்ச் ஏஎன்6 போல்ட் 10,100 பவுண்டு இழுவை தாங்கும். வலு ஏராளமாக இருக்கிறது. முறிந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வரிவரியாக வளையங்கள் தெரியும். ஒரே அடியில் அறுந்தது அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து விரிசல் விட்டது.

சோர்வு வருவது இறுக்கம் போவதால். 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை உள்ள போல்ட்டுக்கு எஃப்ஏஏ-வின் பழுதுபார்ப்பு வழிகாட்டியான ஏசி 43.13-1பி தரும் டார்க் (நட்டை முறுக்கும் விசை) 160 முதல் 190 இன்ச்-பவுண்டு. அது தோராயமாக 2,100 முதல் 2,500 பவுண்டு அழுத்தமாக மாறி இணைப்பைப் பிடிக்கிறது. வெளியிலிருந்து வரும் இழுவை அதற்குள் இருக்கும்வரை போல்ட்டுக்கு அந்த ஏற்ற இறக்கத்தில் சிறு பங்குதான் போகும். இறுக்கம் தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் நேராக போல்ட்டைத்தான் உலுக்கும், கூடவே பக்கவாட்டு வளைவும் சேரும்.

எங்கள் இணைப்பில் இறுக்கத்தைத் தின்றது பெயின்ட். போல்ட் நுழையும் தாங்கியின் (பிராக்கெட்) அடியிலும் வாஷர் உட்காரும் இடத்திலும் தடிமனான பவுடர் பூச்சு இருந்தது. டார்க் வைத்த அன்று சரியாகத்தான் இருக்கும், அப்புறம் பூச்சு நசுங்கிக் கொடுக்கும், டார்க் எங்கே போனது என்றே தெரியாது. கோடைக்கு முன் அந்த இடங்களில் மட்டும் உலோகம் வரை சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் அடித்தேன். தாங்கியின் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருந்ததால் ரீமர் ஓட்டி வட்டமாக்கி 4130 எஃகில் புஷ் (உள்வளையம்) போட்டோம். பட்டையின் துளை அப்படித் தேய்ந்திருந்தால் பட்டையையே மாற்றுங்கள். ஸ்பிரிங் எஃகில் வெல்டிங் வைத்தால் அதன் பதம் போய்விடும்.

இனி, என் பொறுமையைச் சோதித்த காட்டர் பின். பின் நுழைய மேல் விளிம்பில் வெட்டுள்ள கேஸில் நட்டில் ஆறு பள்ளம், ஆக 60 டிகிரிக்கு ஒருமுறைதான் துளையோடு நேராகும். கெட்டியான இணைப்பில் 60 டிகிரி திருப்பினால் 190-ஐத் தாண்டி எங்கோ போய்விடும். பின் நுழையட்டும் என்று நட்டைப் பின்னோக்கித் தளர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது, இத்தனை பாடுபட்டுச் சேர்த்த இறுக்கம் அங்கேயே போய்விடும். ஏஎன்960-616 வாஷரை எடுத்துவிட்டு மெல்லிய 616எல் போட்டால் நட் ஏறக்குறைய முக்கால் சுற்று தள்ளி உட்காரும், அதாவது பள்ளத்தில் பாதி நகரும். பல சமயம் அதுவே போதும். போதாவிட்டால் கைநிறைய நட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்லா நட்டிலும் மரை ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. சாக்கெட் நுழைய இடமில்லாததால் காகக்கால் ஸ்பேனரை டார்க் ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினேன். அப்படி மாட்டினால் அளவைத் திருத்த வேண்டியதில்லை.

நீளமும் முக்கியம். மரை துளைக்குள் உட்காரக் கூடாது, மழமழப்பான தண்டுதான் உட்கார வேண்டும். ஆர்டர் போடும்போது கவனியுங்கள்: ஏஎன்6-7-க்கு அடுத்தது ஏஎன்6-10. கடைசி இலக்கம் இன்ச்சில் எட்டில் ஒரு பங்குக் கணக்கு, அதனால் 8, 9 என்று கிடையாது. கடைசியில் ‘ஏ’ என்று இருந்தால் காட்டர் துளை இல்லாத போல்ட். ஒரு கடை இரண்டு முறை ‘ஏ’ அனுப்பியது. அலாஸ்காவுக்குத் தபால் செலவு போல்ட்டின் விலையைவிட அதிகம், எரிச்சலாக இருந்தது. இப்போது எல்லாவற்றையும் இரட்டிப்பாக வாங்கி வைக்கிறேன். ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆறு கோட்டுத் தலை கிரேடு 8 போல்ட் இழுவையில் ஏஎன்னை விட வலுதான், ஆனாலும் அதை இங்கே போட மாட்டேன். கடினம் கூடிய எஃகு வளைந்து எச்சரிக்கை தருவது குறைவு.

ஷிம்மி, அதாவது வால் சக்கரம் இடம் வலமாக உதறுவது பற்றியும் ஒரு வார்த்தை. விமானத்தில் பாரம் ஏற்றி நிறுத்தி, சக்கரம் திரும்பும் கிங்பின் அச்சைப் பக்கத்திலிருந்து பாருங்கள். நேராகவோ, மேல் நுனி சற்றுப் பின்னால் சாய்ந்தோ இருக்க வேண்டும். முன்னால் சாய்ந்திருந்தால் பட்டை தொய்ந்துவிட்டது, எந்த போல்ட்டும் அந்த உதறலில் நிலைக்காது. எங்களுடையதைப் புதிதாக்கிய பிறகு உதறல் நின்றுவிட்டது.

அடுத்து, பட்டையையே விட்டுவிட்டு ஷாக் அப்சார்பரோடு வரும் டி3 தொங்கல் அமைப்புக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எடையும் விலையும் கூடும், ஆனால் பெரிய டயரோடு வாலை முதலில் ஊன்றி இறங்குகிறவர்களுக்கு நல்ல யோசனைதான். அதற்கு முன் பின்பக்கக் கவ்வி பாக்கி இருக்கிறது. அதன் புது புஷ்கள் கடைசலில் இருக்கின்றன. வந்ததும் அதே பெயின்ட் சுரண்டல், அதே வாஷர் விளையாட்டு. முன் போல்ட்டுக்கும் புதியதைப் போட்டு, நட் நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும் டார்க் கோடு வரைந்தாயிற்று. சில இறக்கங்களுக்குப் பிறகு பின்னை உருவி, 160-இல் நட் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.