எட்டாவது டைவ்: கடியபட்டணம் பாருல நீவாடு

போன ஞாயித்துக்கிழமையோட எட்டு ஸ்கூபா டைவ் ஆச்சு, இந்த எட்டாவது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து கடியபட்டணம் பாருல, அதாவது கடலுக்கடியில கிடக்க பாறைத்திட்டுல. மூணாவது டைவ்ல நடந்தத சொன்னாதான் இது புரியும். அன்னைக்கு 14 மீட்டர் ஆழத்துல நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்க ஆரம்பிச்சதும் வெப்ராளம் பிடிச்சு வள்ளம் கிடந்த திசையப் பாத்து எதுத்து காலடிச்சேன், எவ்வளவு அடிச்சும் கீழ அதே கல்லுதான் தெரியுது, சிலிண்டர்ல மிச்ச காத்த காட்டுற கேஜ்ல 200 இருந்தது 12 நிமிசத்துல 80க்கு வந்துட்டு. 10 மீட்டர் இறங்கினாலே மேல இருக்கத விட ரெண்டு மடங்கு காத்து செலவாகும், அதோட மூச்சும் வாங்கினா கேக்கவே வேண்டாம்.

சிலிண்டர் இல்லாம சிப்பிக்கு முங்குற எங்க மாமாகிட்ட இத சொன்னப்போ, "மக்களே, நீவாட்ட எதுக்காண்டாம், கல்லுக்கு மறைவுல ஒதுங்கு, இல்லன்னா அது போற போக்குல குறுக்க வெட்டிப் போ"ன்னார்.

இந்த தடவை அவரே வள்ளத்துல வந்தார். முட்டம் லைட்ஹவுஸையும் மலையையும் அடையாளமா வச்சு கணியம் பாத்து, அதாவது இடத்த கணிச்சு, பாருக்கு மேல கொண்டு நிறுத்தினார். தண்ணி மேக்க மண்டைக்காட்டு பக்கமா ஓடிச்சு, அதனால கொஞ்சம் கிழக்க தள்ளி இறங்கி, மேல நின்னு நேரம் போக்காம நேரா அடிக்குப் போயிட்டோம். தரைய ஒட்டி வந்துட்டா இழுப்பு பாதிதான், இத நான் முன்னால நம்பல.

நம்ம பக்கம் மன்னார் வளைகுடா மாதிரி பெரிய பவளத்திட்டு கிடையாது, பாறை மேல அங்கங்க ஒட்டி வளர்றதுதான். ஆனா ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால ஒதுங்கி நின்னப்போ பாத்த கடல் விசிறிய, விசிறி மாதிரி விரிஞ்ச ஒரு பவளம், மறக்கவே மாட்டேன். ஒரு முறம் அளவு இருக்கும், நீவாடு வர்ற திசைக்கு சரியா குறுக்க விரிஞ்சு நிக்குது, கிளை பூரா குட்டி குட்டி வெள்ளை வாய் திறந்து தண்ணியில வர்ற இரைய பிடிக்குது. என்ன பயமுறுத்தின அதே இழுப்புதான் அதுக்கு சோறு போடுது. பக்கத்துல சின்ன மீன் கூட்டம் ஒண்ணு, எல்லாம் ஒரே திசைக்கு தலைய வச்சு நிக்குது, அந்த தலை திரும்பினா நீவாடு திரும்புதுன்னு அர்த்தம். கேஜ பாக்குற மாதிரி இப்போ இதையும் பாத்துக்கிட்டே இருக்கேன். பவளத்துல மட்டும் கை வைக்கல, வெறும் கல்லுல ரெண்டு விரல் ஊனினா போதும்.

34 நிமிசம், கேஜ்ல 70 மிச்சம். எனக்கு இது பெரிய விசயம்.

சொதப்பினது மேல வர்றப்போதான். பாதுகாப்புக்காக 5 மீட்டர்ல 3 நிமிசம் நிக்கணும், அங்க இருந்தே ஆரஞ்சு பலூன மேல விடணும், அப்போதான் வள்ளம் நம்மள பின்தொடர முடியும். கயிறு ரீல்ல சிக்கிச்சு, அத எடுக்கிறதுக்குள்ள 3 மீட்டருக்கு வந்துட்டேன், திரும்ப இறங்கித்தான் நிமிசத்த முடிச்சேன். மேல வந்தா இறங்கின இடத்துல இருந்து ரொம்ப தூரம் தள்ளிக் கிடக்கோம், மாமா எஞ்சினோட பக்கத்துலேயே நின்னார்.

கச்சான் காத்து (மேக்க இருந்து வர்ற காத்து) பிடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு டைவ் போகணும். அதுவரைக்கும் சாயங்காலம் எங்க ஊர் குளத்துல ரீலும் பலூனும்தான்.