பச்சைப் பூசணத்தின் மேல் எனக்குள்ள கோபமும் மரியாதையும்

வெட்டிக் குவித்த சீகை (வாட்டில்) மரத்தின் மேல் மரபணு மாற்றிய நுண்ணுயிரைத் தெளித்து, அதைச் சர்க்கரையாக்கி எத்தனால் எடுத்தால் என்ன? கோவையில் பயோடெக்னாலஜி படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியின் யோசனை இது. நீலகிரியில் சீகைக்கும் கற்பூர மரத்துக்கும் (யூகலிப்டஸ்) பஞ்சமா? "வைக்கோலை மக்கவைத்துப் பிழைப்பவர் நீங்கள், சொல்லுங்கள் அக்கா" என்று வேறு உசுப்பிவிட்டான்.

கோத்தகிரிப் பக்கம் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். மரத்திலும் வைக்கோலிலும் இருக்கும், சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நாரான செல்லுலோஸைத் தின்னும் விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் காளான் அல்ல, அதன் எதிரியான டிரைக்கோடெர்மா. நாங்கள் பச்சைப் பூசணம் என்போம். வைக்கோல் சரியாக வேகாத பையில் முதலில் வெள்ளைத் திட்டாக வரும். காளான் இழைதான் ஓடுகிறது என்று மனம் குளிரும். பிறகு திட்டின் நடுவில் பாசி நிறம் ஏறும். பையைத் திறந்தால் விரலெல்லாம் பச்சைப் பொடி. தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுக் கைகழுவ வேண்டியதுதான்.

இதன் பங்காளியான டிரைக்கோடெர்மா ரீசியைத்தான் ஆய்வுலகம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் நைந்து கிழிந்தன. காரணத்தைத் துருவியபோது அகப்பட்டது இந்தப் பூசணம். எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் நினைவாகப் பின்னாளில் பெயர் வைத்தார்கள். இன்று ஆலைகளில் வளர்க்கும் ரகங்கள் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிப் புரதத்தை லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் சுரக்கின்றன.

ஆக, தின்னும் வாய்க்குக் குறைவில்லை. ஆனால் பருத்தி கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ், மரம் அப்படியல்ல. மரத்தில் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் செல்லுலோஸைச் சுற்றிப் பூசி அடைத்திருக்கிறது. நீராவியோ அமிலமோ கொடுத்து அதை முதலில் பிளந்தாக வேண்டும். என் சிப்பிக் காளான் லிக்னினையே கரைக்கும்தான். ஆனால் கிடைக்கிற சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். திறந்த வெளிக் குவியலில் எதைத் தெளித்தாலும் இதே கதைதான்: மரம் மக்கும், சர்க்கரை நம் கைக்கு வராது. போதாததற்கு, ஆய்வகத்தில் செல்லமாக வளர்ந்த ரகம் காட்டுப் பூசணங்களின் நடுவே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? காய்ச்சி ஆறவைத்த பைக்குள்ளேயே என் வித்து தோற்றுப்போகிறது. மரபணு மாற்றிய உயிரை வெளியில் விடுவதற்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது தனி.

மூடிய தொட்டிக்குள் கதை வேறு. அங்கே மரபணுப் பொறியியல் நிஜமாகவே சாதித்திருக்கிறது. மரத்தில் குளுக்கோஸோடு சைலோஸ் என்ற சர்க்கரையும் ஏராளம். சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. 1990களில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ அதையும் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை உருவாக்கினார். புளோரிடாவில் லோனி இங்கிராம் இ.கோலை பாக்டீரியாவையே எத்தனால் தயாரிக்க வைத்தார். அதற்கு 1991இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 50,00,000!

அப்படியும் அமெரிக்காவின் அயோவாவில் டூபாண்ட் நிறுவனம் சோளத்தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க 2015இல் திறந்த ஆலை 2017இல் நின்றுபோனது. சோளத்தட்டையைச் சேர்ப்பது, காய்ச்சுவது, நொதிக்குக் காசு கொடுப்பது எல்லாம் சேர்ந்துதானே விலை? நம் பானிபட்டில் 2022இல் தொடங்கிய ஆலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்று திட்டம். அதைச் சுற்றிலும் நெல் வயல்கள் இருக்கின்றன.

இங்கே என்ன இருக்கிறது? பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதைச் சரிவிலிருந்து இழுத்து, லாரியில் ஏற்றி, வளைவு வளைவாக மேட்டுப்பாளையம் இறக்கும் டீசலை யார் கணக்கில் எழுதுவது? மலையிலேயே ஆலை வைத்தால், ஜனவரிப் பனியில் நொதிக்குத் தேவையான 50 டிகிரிச் சூட்டுக்கு எதை எரிப்பது, அதே சீகையையா? சமவெளியில், கரும்புச் சக்கை குவியும் இடத்துக்குப் பக்கத்தில் ஆலை வைக்கிறேன் என்று தம்பி சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.